கியூ தோட்டத்துக் கொடிமரம்

கொடி ஏற்றுதற்கு ஒரு கம்பம் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அக்கம்பம் எத்துணை உயரம் இருத்தல் கூடும் என்று வினவுவார் சிலரே. ஒரு நாட்டின் விடுதலையையோ ஒரு குடியேற்றத்தின் நூறாம் ஆண்டையோ நினைவுகூர விழைவோர் பெரும்பாலும், பிறர் நிறுத்தியதினும் உயரமாக நிறுத்தவேண்டும் என்ற எண்ணத்தோடே தொடங்குகின்றனர். அவ்விருப்பத்திற்கு இயற்கை எவ்விடத்தில் இணங்குகின்றது, எவ்விடத்தில் மறுக்கின்றது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு எடுத்துக்காட்டாக, இலண்டன் மாநகரின் மேற்கே தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தில் அடுத்தடுத்து நின்ற கொடிமரங்களை எடுத்துக்கொண்டோம். அவை ஒவ்வொன்றும் ஒரே மரத்தால் ஆயவை. அவற்றுள் சில உடைந்தன, சில உளுத்தன. உடைந்த இடத்தைக் கொண்டே வலிவின் எல்லையை அறிகிறோமாதலின், சாஸ்திரம் பயில்வார்க்கு அவ்வரலாறு பெரிதும் பயன்படும்.

முதலில் மரத்தைப்பற்றிச் சிறிது கூறுவோம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் இம்மரத்திற்கு டக்ளஸ் பர் என்று பெயர். பர் என்று வழங்கினும் அஃது உண்மையில் பர் இனத்தைச் சார்ந்ததன்று. டேவிட் டக்ளஸ் என்னும் ஸ்காத்லாந்துத் தாவர நூலாரின் பெயரால் அஃது அவ்வாறு வழங்குகின்றது. அவர் காட்டெருதுகளைப் பிடிக்க வெட்டியிருந்த குழியில் வீழ்ந்து 1834-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவில் மாண்டார். அவருக்கு ஆசானாகவும் ஆதரவாகவும் இருந்த வில்லியம் ஜாக்ஸன் ஹூக்கரே பின்னாளில் கியூ தோட்டத்தின் தலைவராய், 1841 முதல் 1865 வரை அதனை நடத்தினார். ஆகவே முதற் கொடிமரம் அத்தோட்டத்திற்கு வந்தபொழுது, மாணாக்கர் பெயர் தாங்கிய மரத்தை ஆசானே வரவேற்றார் எனலாம். நெடிதாகவும் நேராகவும் வளர்தல், எடைக்கு மிஞ்சிய விறைப்பு ஆகிய இவையே இம்மரத்தைக் கப்பற் பாய்மரத்திற்கும் கொடிமரத்திற்கும் உகந்ததாக்கின.

எட்வர்டு ஸ்டாம்ப் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மர வாணிகம் நடத்தியவர். அவர் 118 அடி நீளமுள்ள ஒரு மரத்தைக் கியூ தோட்டத்திற்கு அன்பளிப்பாக விடுத்தார். கடல் கடந்து வந்த அம்மரத்தைத் தேம்ஸ் நதிவழியே இழுத்துவருங்கால் இழுவைக் கப்பலொன்று மோத, அஃது இரு துண்டாயிற்று. துண்டுகளைப் பொருத்திச் சீர்செய்து நிறுத்த முயன்றபோது, மேலெழும்புகையிலேயே விழுந்து மீண்டும் நொறுங்கிற்று. ஸ்டாம்ப் மனந் தளரவில்லை. முன்னதினும் நீண்ட, 159 அடி கொண்ட வேறொரு மரத்தை அனுப்பினார். அது 1861-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 1913-ஆம் ஆண்டில் உளுத்துப்போனமையால் இறக்கப்பட்டது. பின்னர்ப் பிரிட்டிஷ் கொலம்பியா அரசாங்கத்தார் 214 அடி மரமொன்றை அளித்தனர். இடையே முதல் உலகப்போர் மூண்டமையால் 1919-ஆம் ஆண்டிலேதான் அதனை நிறுத்த முடிந்தது.

இவற்றின் வழித்தோன்றலாய் வந்ததே யாவற்றினும் உயர்ந்த 225 அடிக் கொடிமரம். பிரிட்டிஷ் கொலம்பியா ஆங்கில முடியின்கீழ்க் குடியேற்ற நாடான 1858-ஆம் ஆண்டிற்கு நூறாண்டு நிறைவு ஒருபுறம். கியூ தோட்டம் தோன்றிய 1759-ஆம் ஆண்டிற்கு இருநூறாண்டு நிறைவு மற்றொருபுறம். இவ்விரண்டிற்கும் நினைவுச் சின்னமாக வான்கூவர் தீவில் காப்பர் கான்யன் என்னும் பள்ளத்தாக்கில் ஒரு டக்ளஸ் பர் வெட்டப்பட்டது. அதன் வயது 371. ஸ்பானியக் கப்பற்படை இங்கிலாந்தின்மேற் படையெடுத்த 1588-ஆம் ஆண்டளவில் அஃது இளங்கன்றாய் இருந்திருக்கவேண்டும். நூறாண்டைக் கொண்டாடுதற்கு முந்நூற்றெழுபத்தோராண்டு நின்றதொன்றை வீழ்த்துதல் தகுமோ என்று இக்காலத்தார் கேட்பர். எமக்கும் அவ்வினா உண்டு, அதனை மறைப்பானேன்? வெட்டிய அடிமரத்தின் எடை 37 டன். பட்டையையும் புறமரத்தையும் செதுக்கி, அடி பெருத்து நுனி சிறுக்குமாறு இழைத்தபின் எஞ்சியது 15 டன். அரசாங்கப் படையின் ராயல் இஞ்சினீயர்கள் 1959-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் அதனை நிமிர்த்தி நிறுத்தினர்.

இனிக் கணக்கினைப் பார்ப்போம். கணிதத்தில் விருப்பமில்லாதாரும் உடன் வரலாம். கூட்டல் பெருக்கலுக்கு மேற்பட்டது இங்கே மிகுதியாக இல்லை. உலர்ந்த டக்ளஸ் பர் மரம் கன அடிக்கு ஏறத்தாழ 33 ராத்தல் நிறையுடையது. 15 டன் என்பது 33,600 ராத்தல்; ஆதலின் அக்கொடிமரத்தின் கன அளவு ஆயிரம் கன அடிக்குச் சற்று மிகுதி. அதனை 225 அடி நீளத்தால் வகுக்க, நான்கரைச் சதுர அடி வெட்டுமுகம் வரும். அஃதாவது சராசரி விட்டம் 2 அடி 5 அங்குலமே. உயரம் விட்டத்தைப்போல் தொண்ணூறு மடங்குக்கு மேல் என்பது இதனாற் பெறப்படும். இத்துணை ஒல்லியதொரு கழி தன்னந்தனியே நிற்குமோ?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஆல்பிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் என்னும் ஆங்கிலக் கணித ஆசிரியர். ஒரு கம்பத்தை உயரமாக்கிக்கொண்டே போனால், காற்றென்பதே இல்லாதிருப்பினும், ஓர் எல்லையில் அது தன் எடையினாலேயே வளைந்து சாயும். சற்றே சாய்ந்த கம்பத்தை நிமிர்த்த முயல்வது அதன் விறைப்பு. மேலும் சாய்க்க முயல்வது அதன் எடை. எடை வெல்லுமிடமே எல்லை. இதனை அவர் 1881-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் தத்துவ சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டபோது, உதாரணமாக எடுத்துக்கொண்டது கியூ தோட்டத்துக் கொடிமரத்தையே! அத்தகைய கொடிமரத்திற்கு உதவிய மரம் காட்டில் நின்றபொழுதும் ஏறத்தாழ 300 அடிக்குமேல் உயர்ந்திருக்க முடியாது என்று அவர் முடிவு கூறினார். தார்ஸி தாம்ஸன் 1917-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வளர்ச்சியும் வடிவமும்' என்னும் ஆங்கில நூலிலும் இச்செய்தி எடுத்தாளப்பட்டுள்ளது. கொடி பறக்கவிட நட்ட மரமொன்று உயிர்நூலாருக்கும் கணித நூலாருக்கும் பொதுச்சொத்தானது வியத்தற்குரியதே.

கிரீன்ஹில் கண்ட விதியை 1959-ஆம் ஆண்டுக் கொடிமரத்திற்கு நாம் பொருத்திப் பார்த்தோம். அதன் சராசரி விட்டமே அடிமுதல் நுனிவரை ஒருசீராக உள்ளதெனக் கொண்டால், எல்லை உயரம் 280 அடியைச் சற்றே கடக்கின்றது. நுனி மெலிந்திருத்தலின் உண்மை எல்லை இதனினும் சிறிது மிகும். நின்றதோ 225 அடி. எனவே தன் எடைக்கு அஃது அஞ்சவேண்டுவதில்லை. ஆயினும் கொடியின் இழுப்பையும் புயலையும் தனியே தாங்கத்தக்க மிச்சம் அதற்கில்லை. இதுபற்றியே அதனை எஃகு வடங்களால் நாற்புறமும் இழுத்துக் கட்டினர். வடங்கள் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவதோடு கீழ்நோக்கியும் இழுக்கின்றன. வடத்தை மரத்திற்கு நெருக்கமாக நட்டால் கீழிழுப்பு மிகும். தொலைவில் நட்டால் தோட்டத்தின் இடமெல்லாம் வடமாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோணத்தைத் தேர்வதே இஞ்சினீயரின் திறமை.

அவ்விதியினின்றே பெறப்படும் மற்றொரு முடிபை மாணாக்கர் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். உயரத்தை இரட்டித்தால், அதே உறுதியைப் பெற விட்டத்தை இரட்டித்தல் போதாது, ஏறத்தாழ 2.8 மடங்காக்க வேண்டும். அப்பொழுது வெட்டுமுகம் 8 மடங்கும், எடை 16 மடங்கும் ஆகும். பிறரினும் இருமடங்கு உயரமான கம்பம் வேண்டும் என்று அவையில் எளிதாகத் தீர்மானம் நிறைவேற்றலாம். பதினாறு மடங்கு பொருளுக்குப் பணம் திரட்டுவோர்க்கன்றோ அதன் அருமை தெரியும்!

நின்ற கம்பத்தினும் எழும்புகின்ற கம்பத்திற்கே இடர் மிகுதி. ஸ்டாம்ப் அனுப்பிய முதல் மரம் புயலில் முறியவில்லை, தூக்கும்பொழுது முறிந்தது. காரணம் காண்பது எளிது. நிமிர்ந்து நிற்கையில் எடை மரத்தின் நீளப்போக்கிலேயே இறங்குகின்றது. கிடக்கையில் தூக்கினால் அவ்வெடை முழுவதும் மரத்தைக் குறுக்கே வளைக்கின்றது. 15 டன் எடையும் 225 அடி நீளமும் உள்ள மரத்தின் இரு முனைகளையும் மட்டும் பற்றித் தூக்கினால், நடுவில் ஏறத்தாழ 420 அடி-டன் அளவுக்கு வளைக்கும் வலு உண்டாகும். அதனால் மரத்தின் இழைகளில் சதுர அங்குலத்திற்கு 4,800 ராத்தல் இழுவிசை விளையும். கணுவில்லாத சிறு துண்டொன்றைச் சோதனைச் சாலையில் வளைத்தால் இதனினும் இருமடங்கு தாங்கும்; ஆனால் கணுக்களும் உள்வெடிப்புகளும் உள்ள முழு மரத்தை அவ்வளவுக்கு நம்புதல் அறிவுடைமையன்று. நுனியைப் பற்றாமல், அதற்கு 66 அடி உள்ளே தள்ளிப் பற்றி, அடியை நிலத்தில் ஊன்றித் தூக்கினால், வளைக்கும் வலு 145 அடி-டன்னாகக் குறைகின்றது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு! நுனிக்கப்பால் தொங்கும் பகுதி தன் எடையால் நடுப்பகுதியின் தொய்வை ஓரளவு எதிர்த்து நிமிர்த்துவதே இவ்விந்தைக்குக் காரணம். மெலியும் மரத்தில் இவ்விடம் சிறிது மாறும். ஒரு நீண்ட மூங்கிலைப் பல இடங்களிற் பற்றித் தூக்கிப் பார்ப்போர் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

இக்காலத்தில் நாடுகள் நிறுவும் நினைவுக் கொடிக்கம்பங்கள் எஃகாலானவை. 2010-ஆம் ஆண்டில் அஸெர்பைஜான் நாட்டின் பாக்கு நகரில் 162 மீட்டர் உயரத்திலும், 2011-ல் தாஜிகிஸ்தானின் விடுதலை பெற்ற இருபதாமாண்டை ஒட்டித் துஷான்பே நகரில் 165 மீட்டரிலும், 2014-ல் அரேபியாவின் ஜெட்டா நகரில் 171 மீட்டரிலும், 2021-ல் எகிப்தின் புதிய நிர்வாகத் தலைநகரில் ஏறத்தாழ 202 மீட்டரிலும் கம்பங்கள் எழுந்தன. போட்டியின் வேகம் ஆண்டுகளைப் பார்த்தாலே விளங்கும். எஃகு மரத்தினும் வலிது, ஆதலின் இது கூடிற்று என்று நினைத்தல் இயல்பு. அந்நினைவு அரைகுறை உண்மையே. எஃகின் விறைப்பு டக்ளஸ் பர் மரத்தின் விறைப்பைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு. எஃகின் அடர்த்தியும் அம்மரத்தின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு. நிறைக்கு நிறை பார்த்தால் இரண்டும் சமமே! ஒரே பருமனுள்ள திண்ணிய எஃகுக் கம்பியை நட்டாலும் அதன் எல்லை உயரம் மரத்தின் எல்லையினின்று அதிகம் வேறுபடாது. எஃகின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. மரம் உள்ளீடு நிறைந்து வளர்வது. எஃகையோ தகடாக்கிக் குழலாக வளைக்கலாம். அதே எடையை நடுவினின்று அகற்றி விளிம்பிற் கொண்டுவைத்தால் விறைப்புப் பன்மடங்காகும். மூங்கிலும் நெற்றாளும் செய்வது இதுவே. மற்றுமொரு நன்மை, குழலைத் துண்டு துண்டாகச் செய்து, பாரந்தூக்கியால் ஒன்றன்மேலொன்றாக ஏற்றி இணைக்கலாம். முழு நீளத்தையும் கிடையாக வைத்துத் தூக்கும் இடர் அங்கே எழுவதேயில்லை. கொடிமரம் என்னும் நம் சொல் மட்டும் மரத்தை விடாது பற்றிக்கொண்டிருக்கின்றது.

ஆயினும் பருத்த குழல் காற்றுக்குக் காட்டும் முகமும் பெரிது. பாக்கு நகரில் நிறுவிய கம்பம் அடியில் 3.2 மீட்டரும் நுனியில் 1.09 மீட்டரும் விட்டமுடையதாய், 220 டன் எடையோடு விளங்கிற்று. காற்று விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 98 கிலோகிராம் அழுத்தம் விளையும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காம் என்பதையும் மறத்தலாகாது. உருண்டை வடிவின் சலுகையைக் கழித்துக் கணக்கிட, அத்தகைய கம்பத்தின்மேல் 23 டன் அளவுக்குப் பக்கத் தள்ளுதல் வருகின்றது. அது நிலத்தினின்று 68 மீட்டர் உயரத்தில் தள்ளுவதற்கு ஒக்குமாதலின், அடியில் கவிழ்க்கும் வலு 1,500 டன்-மீட்டருக்கு மேற்படும். இதனை எதிர்க்கக் கம்பத்தின் 220 டன் எடை ஒன்றையே நம்பினால், அடித்தளத்தின் ஆரம் 7 மீட்டரைக் கடக்கவேண்டும். எனவேதான் பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாத கான்கிரீட் தளத்தில் பெரும்பொருள் புதைக்கப்படுகின்றது. இக்கணக்கில் கொடியைச் சேர்க்கவில்லை. அங்குப் பறந்த கொடி 70 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் உடையது. அவ்வளவு துணியைக் கடும்புயலில் விட்டுவைத்தல் ஆகாது, இறக்கிவிடுதலே முறை.

புயலுக்கு அஞ்சிக் கட்டிய கம்பம் தென்றலிலே சேதமுறுதலும் உண்டு. இவ்விஷயமே எமக்கு எல்லாவற்றினும் சுவையுடையதாகத் தோன்றுகின்றது. ஓடும் நீரில் ஒரு கழியை நட்டுப் பாருங்கள். அதன் பின்புறத்தில் இடமும் வலமும் மாறிமாறிச் சுழிகள் கழன்று செல்வதைக் காண்பீர்கள். காற்றிலும் அவ்வாறே. ஒவ்வொரு சுழி கழலும்பொழுதும் கம்பம் பக்கவாட்டில் சிறிது இழுக்கப்படும். ஸ்ட்ரௌஹால் என்னும் செக் நாட்டுப் பௌதிக ஆசிரியர் 1878-ஆம் ஆண்டில், காற்றில் கம்பிகள் பாடுவதை ஆராய்ந்து இதன் விதியைக் கண்டார். காற்றின் வேகத்தை விட்டத்தால் வகுத்து ஐந்திலொரு பங்கு எடுத்தால், விநாடிக்கு எத்தனை முறை இவ்விழுப்பு நேர்கின்றது என்பது ஏறத்தாழக் கிடைக்கும். அந்த எண், கம்பம் இயல்பாக ஆடும் எண்ணோடு ஒத்துவிட்டால் கேடு தொடங்கும். ஊஞ்சலை உரிய தருணத்திலே விரலால் தள்ளும் குழந்தை அதனை எவ்வளவு உயரத்திற்கு ஏற்றிவிடுகின்றது! அதுபோல மெல்லிய காற்றும் ஒரே சீராக நெடுநேரம் வீசினால், கம்பம் ஆடி ஆடி, பற்றவைத்த இணைப்புகளில் மயிரிழை வெடிப்புகள் தோன்றி நாளடைவில் நீளும்.

அடி பெருத்து நுனி சிறுக்கக் கட்டுவதற்கு அழகு மட்டும் காரணமன்று என்பது இப்பொழுது விளங்கும். விநாடிக்கு 5 மீட்டர் வீசும் காற்றில், பாக்கு நகர்க் கம்பத்தின் அளவுகளுக்கு, அடிப்பகுதியில் மூன்று விநாடிக்கு ஒருமுறையும் நுனிப்பகுதியில் ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறையும் இழுப்பு நேரும். தாளம் உயரத்துக்கு உயரம் மாறுவதால் எல்லாப் பகுதியும் ஒருங்கே இழுக்கப்படுவதில்லை. இன்னொரு தந்திரம், கம்பத்தைச் சுற்றித் திருகுபோல் தகடுகளை ஓட்டிச் சுழிகளின் ஒழுங்கைக் குலைப்பது. கியூ தோட்டத்தினின்றும் அதிக தூரமில்லாத டெடிங்டன் தேசியப் பௌதிக ஆய்வுச் சாலையில், ஸ்க்ரூட்டன், வால்ஷ் ஆகிய இருவர் 1950-களில் இதனைக் கண்டு, தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்குப் பயன்படுத்தினர். கொடிக்கம்பத்திலோ அத்திருகில் கொடி சிக்கிக் கிழியும். ஆதலின் குழலின் உள்ளே சங்கிலியையோ கனத்த எடையையோ தொங்கவிட்டு, அஃது எதிராக ஆடி உராயுமாறு செய்து அதிர்வைத் தணிக்கின்றனர். கியூ மரத்திற்கு இக்கவலை குறைவு. மரத்தின் இழைகளும் இறுகக் கட்டிய வடங்களும் ஆட்டத்தின் ஆற்றலைத் தாமே உறிஞ்சவல்லன.

அதன் பகை வேறு உருவில் வந்தது. நாளெல்லாம் மழையிலும் வெயிலிலும் நிற்கும் கட்டையில், நுண்ணிய வெடிப்புகளின் வழியே ஈரம் புகுந்து காளான் பற்றும். உளுத்த இடத்தில் புழு சேரும்; புழுவை நாடி மரங்கொத்தி வரும். மரங்கொத்தி கொத்திய துளை மேலும் ஈரத்திற்கு வாயிலாகும். 225 அடிக் கொடிமரத்திற்கும் இதுவே நேர்ந்தது. மரங்கொத்திகளாலும் உளுத்தலாலும் சிதைந்து, நிற்பது அபாயமெனத் தீர்மானிக்கப்பட்டு, 2007-ஆம் ஆண்டில் அஃது இறக்கப்பட்டது. எஃகுக் குழலுக்கும் உள்ளே துருவேறும் நோய் உண்டு. வர்ணம் பூசுவோரும் திருகாணிகளைத் தட்டிப் பார்ப்போரும் இல்லையேல் அதுவும் நிலையாது.

159 அடி மரம் 52 ஆண்டும், 214 அடி மரம் ஏறத்தாழ 40 ஆண்டும், 225 அடி மரம் 48 ஆண்டும் நின்றன. உயரம் கூடியவாறு ஆயுள் கூடவில்லை. 1959-ஆம் ஆண்டில் நிறுத்தியது 371 ஆண்டு காட்டில் மழையையும் பனியையும் தாங்கி நின்றது. உயிருள்ள மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும், வெட்டுண்ட மரத்திற்கு அந்த ஆற்றல் இல்லை. அத்துணை நீளமும் நேர்மையும் வாய்ந்த முதுமரங்கள் அக்கரையிலும் அருகிவிட்டன. 2007-க்குப் பின் கியூ தோட்டத்தார் நான்காவது கொடிமரத்தை நிறுவவில்லை.